பயப்படாதே என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் ஈக்காட்டுத்தாங்கலில் கூடுவது வழக்கம். புத்தகம் பேசத்தான் கூடுகிறோம். ஆனால் இடம் அதற்கு ஏற்றதன்று. ஒரு பக்கம் நூறடிச் சாலையின் இரைச்சல். தலைக்கு மேலே 2015 ஜூன் முதல் ஓடிக்கொண்டிருக்கும் மெட்ரோ. 'தாங்கல்' என்றால் நீர் தங்கும் ஏரி. ஏரி போய் ஊர்ப்பெயரில் மட்டும் அது தங்கிவிட்டது. அதே 2015-இன் டிசம்பரில் அடையாறு கரைமீறி வந்து அந்தப் பெயரின் பொருளை எல்லோருக்கும் நினைவூட்டிவிட்டுப் போனது. இத்தனை நெருக்கத்திலும் எங்கள் டீக்கடைக்கு எதிரே ஒரு காலி மனை மிஞ்சியிருக்கிறது. நான்கு விளக்குகளும் ஒரு வலையும் கட்டி அதை ஷட்டில் ஆடுகளமாக்கியிருக்கிறார்கள்.

சில வாரங்களுக்கு முன் அங்கே சிறுவர்களுக்கான போட்டி ஒன்று நடந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும் ஒரு பையன் மிக அழகாக ஆடிக்கொண்டிருந்தான். 20-19 என்று முன்னிலை, சர்வீஸும் அவனிடமே. ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும். அப்போது ஆடுகளத்தின் ஓரத்திலிருந்து அவன் தந்தை உரக்கக் கத்தினார்: "டேய், பயப்படாதடா! நெட்டுல மட்டும் அடிச்சுடாத!" பையன் ஒருமுறை தந்தையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சர்வீஸ் போட்டான். இறகுப்பந்து நேராக வலையில் போய் விழுந்தது. அடுத்த இரண்டு புள்ளிகளும் எதிராளிக்குப் போயின. தந்தை பைக்கை உதைத்துக் கிளப்பியபடியே சொன்னது எங்கள் காதில் விழுந்தது: "திறமையெல்லாம் இருக்கு. தைரியம்தான் இல்ல. உன் பொறப்பு அப்படி."

அன்று நாங்கள் பேச எடுத்து வந்திருந்த நாவலைப் பேசவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியே இரவு ஒன்பது மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். இக்கட்டுரை அந்தப் பேச்சின் தொடர்ச்சி. எங்கள் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விளையாட்டில் மன உறுதி என்று நாம் சொல்வது பிறவிக் குணமன்று. அது பின்கை அடியைப் போல, ஓட்டத்தின் தொடக்கத்தைப் போல, பயிற்சியால் வருகிற ஒரு திறன். அதைக் குணமாகக் கருதி நம் பிள்ளைகளைத் தைரியசாலிகள், கோழைகள் என்று இரண்டாகப் பிரித்துவைப்பது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

தந்தை கத்தியதிலிருந்தே தொடங்கலாம். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்லியனுப்பிய வைத்தியரின் கதை நம்மில் யாருக்குத்தான் தெரியாது? அதுவரை குரங்கைப் பற்றிய நினைவே இல்லாதவனுக்கு, கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் குரங்கு வந்து நின்றது. நம் பாட்டிகள் சிரித்தபடி சொன்ன இதே செய்தியை 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் ஆய்வுக்கூடத்தில் நிறுவினார். அவர் சொன்ன விலங்கு வெள்ளைக் கரடி, அவ்வளவுதான் வேறுபாடு. 1998-இல் அவரும் அவருடைய குழுவினரும் கோல்ஃப் பந்தை வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். குழியைத் தாண்டி அடித்துவிடாதே என்று எச்சரிக்கப்பட்டவர்கள், மனத்தில் வேறொரு சுமையும் இருந்தபோது, குழியைத் தாண்டியே அடித்தார்கள். 'நெட்டுல அடிச்சுடாத' என்ற சொற்களில் பையனின் மனம் பிடித்துக்கொள்ளத்தக்க ஒரே பொருள் நெட்தான். எங்கே அடிக்க வேண்டும் என்பது அதில் இல்லை. தந்தையின் அன்பை நாங்கள் ஐயுறவில்லை. ஆனால் அந்த அன்பு அவன் கையில் ஒரு குரங்கைக் கொடுத்துவிட்டுப் போயிற்று.

இனி நம் ஊர்ப் பையன் ஒருவனின் கதைக்கு வருவோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டி. குகேஷ் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலகச் சதுரங்க வாகையரானபோது, சென்னை முழுவதும் ஒரே பேச்சாக இருந்தது. 'இரும்பு மனம்', 'பிறவியிலேயே இப்படி' என்றெல்லாம் எழுதினார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பையன் மனத்தளவில் உடைந்துபோன தருணங்களை இந்த ஊர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறது.

2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. குகேஷுக்கு வயது பதினாறு. இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதல் பலகையில் ஆடி, முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவை எதிர்கொண்டார். நல்ல நிலையில் இருந்த ஆட்டம் அது. நேர நெருக்கடியில் ஒரு பெரும்பிழை நேர்ந்தது, ஆட்டம் போயிற்று. முகத்தைக் கைகளில் புதைத்தபடி அவர் பலகை முன்னே அமர்ந்திருந்த காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. நம் இரண்டாம் அணிக்கு வெண்கலம். தனிப்பட்ட முறையில் குகேஷுக்குத் தங்கம் கிடைத்தும் அவர் முகத்தில் வெளிச்சம் இல்லை.

அடுத்தது 2024 ஏப்ரல். டொரன்டோவில் உலக வாகையரை எதிர்கொள்ளும் உரிமைக்கான போட்டி. பாதித் தூரம் வந்தபோது, ஏழாம் சுற்றில் அலிரேஸா ஃபிரூஸ்ஜாவிடம் அதேபோல நேர நெருக்கடியில் தோற்றார். இம்முறை மறுநாள் நடந்தது வேறு. ஓய்வு நாளில் தன்னைத் திரட்டிக்கொண்ட அவர், அந்தத் தோல்விதான் தனக்கு ஊக்கத்தையும் தெளிவையும் தந்தது என்று பின்னர் சொன்னார். பதினான்கு சுற்றுகளில் ஒன்பது புள்ளிகளுடன் தனித்து முதலிடம் பெற்றார். பதினாறு வயதில் உடைந்த இடத்தில் பதினேழு வயதில் உடையவில்லை. பிறப்பு மாறிவிடவில்லை, பயிற்சிதான் மாறியிருந்தது.

சிங்கப்பூர்ப் போட்டிக்கு முன் குகேஷ் தம் குழுவில் பேடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்க மனப்பயிற்சியாளரைச் சேர்த்துக்கொண்டார். 2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியுடன் இருந்தவர் அவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற நம் ஹாக்கி அணியுடனும் பணியாற்றியவர். வாழ்வின் மிகப் பெரிய போட்டி என்பதற்காகப் புதிதாக, விசேஷமாக எதையும் செய்ய முற்படாதே, வழக்கமாகச் செய்வதை வழக்கம்போலச் செய் என்பதே அவர் சொல்லும் பாடத்தின் சாரம். கேட்கும்போது இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் பொதுத்தேர்வு நாளன்று என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு மட்டும் புதுப்பேனா, புதுச்சட்டை, வழக்கத்தில் இல்லாத விபூதி, தெருவே வந்து சொல்லும் வாழ்த்து. பிள்ளையின் வயிறு கலங்காமல் என்ன செய்யும்?

சிங்கப்பூரில் முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். அறைக்குத் திரும்பும் வழியில் மின்தூக்கியில் விஸ்வநாதன் ஆனந்தைச் சந்தித்ததாகவும், எனக்குப் பதினோரு ஆட்டங்கள்தாம் மிச்சமிருந்தன, உனக்குப் பதின்மூன்று இருக்கின்றன என்று அவர் சொன்னதாகவும் குகேஷ் பின்னர் நினைவுகூர்ந்தார். 2010-இல் ஸோஃபியாவில் டோபலோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்று, பன்னிரண்டாம் ஆட்டத்தில் வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டவர் ஆனந்த். அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். 'பயப்படாதே' என்ற சொல் அதில் இல்லை. 'நீ பெரியவன்' என்ற புகழ்ச்சியும் இல்லை. ஓர் எண் மட்டுமே இருக்கிறது. நடந்து முடிந்ததிலிருந்து நடக்கப்போவதற்குப் பார்வையைத் திருப்பிவிடும் எண். ஒரு நல்ல ஆசிரியர் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

மூன்றாம் ஆட்டத்தில் குகேஷ் வென்றார். பதினொன்றாவதில் வென்று முந்தினார். மறுநாளே பன்னிரண்டாவதில் மோசமாகத் தோற்றார். பதினான்காவதும் இறுதியுமான ஆட்டத்தில், சமனில் முடியும் என்று எல்லோரும் நினைத்திருந்த நிலையில், டிங் 55-ஆம் நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அந்தக் கணத்தின் காணொளியைப் பலமுறை பார்த்தோம். பிழையைக் கண்டுகொண்டதும் குகேஷின் கண்கள் விரிகின்றன. உடனே அவர் காயைத் தொடவில்லை. தண்ணீர் குடிக்கிறார், தன்னை நிதானப்படுத்திக்கொள்கிறார், மீண்டும் ஒருமுறை கணக்கிடுகிறார். பிறகே நகர்த்துகிறார். வென்று முடித்தபின் அழுதார். அழுதபடியே காய்களை அவற்றின் இடங்களில் ஒவ்வொன்றாக அடுக்கிவைத்தார். அந்தப் பையனிடம் உணர்ச்சி இல்லாமலில்லை. உணர்ச்சிக்கும் கைக்கும் இடையே சில விநாடிகளை வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். எங்கள் ஷட்டில் பையனிடம் இல்லாதிருந்தவை அந்தச் சில விநாடிகள்தாம்.

மனத்திறன் என்று பொதுவாகச் சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இத்துறை நேற்று முளைத்ததன்று. 1898-இலேயே நார்மன் டிரிப்லெட், மிதிவண்டி வீரர்கள் தனியே ஓட்டுவதைவிட மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டும்போது ஏன் விரைகிறார்கள் என்று ஆராய்ந்தார். 1925-இல் கோல்மன் கிரிஃபித் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்களுக்கென்றே ஓர் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். நூறாண்டு ஆய்வுகளில் நிலைத்து நின்றவை சில எளிய பயிற்சிகள். இலக்கைப் பிரித்துக்கொள்வது, மாறாத முன்சடங்கு ஒன்றை வைத்துக்கொள்வது, தன்னோடு தான் பேசும் சொற்களைத் தேர்ந்தெடுப்பது, மனத்துக்குள் ஆடிப் பார்ப்பது, மூச்சைக் கையாள்வது, கவனத்தை எங்கே வைப்பது என்று பழகுவது.

இலக்கை எடுத்துக்கொள்வோம். 'வெல்ல வேண்டும்' என்பது இலக்குத்தான். ஆனால் அதில் பாதி எதிராளியின் கையில் இருக்கிறது. 'முதல் பத்துப் புள்ளிகளில் நீண்ட சர்வீஸ் மட்டுமே போடுவேன்' என்பது முழுக்க நம் கையில் உள்ள இலக்கு. ஆட்டம் இறுகும்போது மனம் பற்றிக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவதை. முன்சடங்கும் அப்படியே. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் மட்டையின் நரம்பைச் சரிசெய்வது, ஒரு மூச்சை மெதுவாக வெளியே விடுவது, பிறகு சர்வீஸ் என்று ஒரே வரிசையில் செய்து பழகியவனுக்கு 2-2-உம் 20-20-உம் ஒரே மாதிரி தொடங்கும். பதற்றம் வந்து உட்காரத் தேடும் காலி இருக்கையில் ஏற்கெனவே ஒருவர் அமர்ந்திருப்பார்.

மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பதக்கம் வாங்குவதாகக் கனவு காண்பதை அப்படிச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்தார். தாம் நின்று சுட்ட இடத்தில் காலடித் தரை ஓடு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது என்று பின்னர் தெரியவந்ததாம். அவர் புகார் செய்துகொண்டு உட்காரவில்லை. ஆடும் ஓட்டின்மேல் நின்று சுடப் பழகினார். 2008-இல் பெய்ஜிங்கில், கடைசிக் குண்டு 10.8, தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். கெட்டது நடப்பதாகக் கற்பனை செய்து, அதற்குள் நின்று ஆடிப் பழகுவதுதான் ஒத்திகை. வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். நாம் அதைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்தோம். பிந்த்ரா அதற்கு ஒரு தரை ஓடு வாங்கினார்.

அருகிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து அசோக் நகரைத் தாண்டினால் மேற்கு மாம்பலம். அந்தத் தெருக்களில் ஆடி வளர்ந்தவர் ரவிச்சந்திரன் அஸ்வின். 2022 அக்டோபர் 23, மெல்போர்ன், பாகிஸ்தானுக்கு எதிரான உலகக் கோப்பை இருபது ஓவர் ஆட்டம். ஒரே பந்து மிச்சம். இரண்டு ஓட்டங்கள் வேண்டும். தினேஷ் கார்த்திக் ஆட்டமிழந்ததால் அஸ்வின் களத்துக்கு வருகிறார். நவாஸ் வீசிய பந்து காலுக்கு வெளியே போகிறது. அந்த இரைச்சலில், அந்த நெருக்கடியில், யாராக இருந்தாலும் மட்டையை வீசத்தான் தோன்றும். அஸ்வின் உள்ளே நகர்ந்து பந்தை விட்டுவிட்டார். அது வைட் ஆயிற்று. அடுத்த பந்தை மிட்-ஆஃப் தலைக்கு மேல் தூக்கி அடித்து ஆட்டத்தை முடித்தார். நாடு முழுவதும் கோலியின் 82 ஓட்டங்களைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். எங்களுக்கு அந்த அடிக்காத பந்தின்மேல்தான் தனி மோகம். எதைச் செய்யாமலிருப்பது என்று முடிவெடுக்கும் கவனம் ஒரு நாளில் வருவதில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. கவனம் பழக்கத்தால் வளர்வது என்பதை நம் மரபு அறிந்தே இருந்தது. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். முதுகில் விழும் பொருள்களை எண்ணிக்கொண்டே, மணியோசையை நினைவில் வைத்துக்கொண்டே, கேட்டவர்க்கு வெண்பாவும் சொல்லும் கலை அது. அதைப் பார்த்தவர்கள் இறையருள் என்றார்கள். இருக்கலாம். ஆனால் இறையருளோடு பல்லாண்டுப் பயிற்சியும் இருந்தது. எட்டில் தொடங்கிப் பதினாறு, நூறு என்று படிப்படியாக ஏறும் கலைக்கு அவதானம், அதாவது கவனம், என்றே பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். அவதானி கவனத்தை நூறாகப் பகுக்கிறார். விளையாட்டு வீரர் நூறையும் ஒன்றாகத் திரட்டுகிறார். திசைதான் வேறு, பழக்கம் ஒன்றே. விடியற்காலையில் அகார சாதகம் செய்யும் பாடகரை நாம் யாரும் பிறவிக் குரல்காரர் என்று சொல்லி விட்டுவிடுவதில்லை. விளையாட்டு வீரரை மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் இரண்டு எதிர்வாதங்களை வைத்தார். இரண்டும் வலுவானவை.

"சார், காலையில ஒரு முட்டை இல்லாத பையன்கிட்ட போய்க் கண்ண மூடி மூச்ச கவனின்னு சொன்னா, அவன் பசியத்தான் கவனிப்பான்" என்பது முதலாவது. அவர் சொன்னது சரி. மனப்பயிற்சி உடற்பயிற்சிக்கும் உணவுக்கும் ஆடுகளத்துக்கும் மாற்று ஆகாது. 1994-இல் ட்ரிஸ்கெல் முதலானோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதுவே தெரிந்தது. மனத்துக்குள் செய்யும் பயிற்சி பயன் தருகிறது; ஆனால் உடலால் செய்யும் பயிற்சி அதைவிட அதிகம் தருகிறது. இரண்டு மணிநேரப் பட்டறையில் 'வெற்றி மனநிலை'யை ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆனால் ஆசிரியரின் வாதத்திலிருந்தே இன்னொன்றும் பெறப்படுகிறது. செயற்கைத் தளம் போடக் கோடிகள் வேண்டும். உயர்ந்த காலணி வாங்க ஆயிரங்கள் வேண்டும். சர்வீஸுக்கு முன் ஒரு மூச்சு விடக் கற்றுக்கொடுக்க எதுவும் வேண்டாம், தெரிந்த ஆசிரியர் ஒருவர் போதும். ஏழைப் பள்ளிக்கூடத்துக்கு மிக எளிதாகக் கொண்டுசேர்க்கக்கூடிய பயிற்சியைத்தான் நாம் பணக்காரர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் ஆழமானது. எல்லாவற்றையும் மனத்தின்மேல் போட்டுவிட்டால் தோற்றவன்மேல் இன்னொரு பழியும் சேராதா என்று கேட்டார். சேரும். அதற்கு எங்களிடம் எளிய விடை இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து புறப்பட்டு 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார் சாந்தி சௌந்தரராஜன். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. பின்னர் அவர் செங்கல் சூளையில் கூலிவேலை செய்ததை நாடு செய்தித்தாளில் படித்தது. அவருக்கு வேண்டியிருந்தது மன உறுதி என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? அவருக்கு வேண்டியிருந்தது நீதி. அவமானப்படுத்தும் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அவமானத்தைத் தாங்கப் பயிற்சி கொடுப்பது மனப்பயிற்சி ஆகாது.

சிங்கப்பூரில் குகேஷுக்கு எதிரே அமர்ந்திருந்த டிங் லிரெனையும் மறந்துவிடக் கூடாது. 2023-இல் பட்டம் வென்றபின் மனச்சோர்வோடு தாம் போராடியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த நிலையிலும் பதினான்கு ஆட்டங்கள் நின்று ஆடினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் பாதியிலேயே விலகிய சிமோன் பைல்ஸை எத்தனை பேர் கோழை என்றார்கள்! 2024 பாரிஸில் அவர் மூன்று தங்கத்தோடு திரும்பினார். பிந்த்ராவும் தங்கத்துக்குப் பிறகு தம்மைப் பற்றிக்கொண்ட வெறுமையை மறைக்கவில்லை. குகேஷும் பட்டம் வென்ற மறு ஆண்டில் தோல்விகளைச் சந்தித்தார். 2025 செப்டம்பரில் சமர்கந்தில் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்றார். மனப்பயிற்சி தாயத்தன்று, கட்டிக்கொண்டால் தோல்வி அண்டாது என்பதற்கு. நோய்க்கு மருத்துவர் வேண்டும், அநீதிக்கு நீதி வேண்டும், பசிக்குச் சோறு வேண்டும். இவற்றையெல்லாம் கொடுத்தபின், 20-19-இல் கை நடுங்கும் பையனுக்கு மனப்பயிற்சி வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது.

அந்தக் கைநடுக்கமும் குற்றமன்று. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து ஒரு கருத்து வளர்ந்தது. கொஞ்சம் கிளர்ச்சி செயலைக் கூர்மையாக்கும், மிகுந்தால் குலைக்கும். எனவே படபடப்பை அடியோடு அழிக்க வேண்டியதில்லை. 2014-இல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. மேடையேறுமுன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அச்சத்துக்கும் ஆவலுக்கும் உடலில் ஒரே படபடப்புத்தான். அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் வேறு. சொற்களின் ஆற்றலை நம்பிப் புத்தகம் படிக்கிற நாம் இதை நம்ப மறுக்கலாமா?

அப்படியானால் என்ன செய்யலாம்? உடற்கல்வி வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்கு வாடகைக்கு விடுவதை முதலில் பள்ளிகள் நிறுத்த வேண்டும். அந்த வகுப்பில் தினமும் ஐந்து நிமிடம் போதும். பின்தங்கிய நிலையிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லுங்கள், 15-19 என்று வைத்து ஆடச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் கூச்சலிடட்டும். அந்தக் கூச்சலுக்குள் சர்வீஸ் போடப் பழகட்டும். பயிற்சியாளர்கள், செய்யக்கூடாததைச் சொல்வதை விட்டுச் செய்ய வேண்டியதைச் சொல்லட்டும். 'நெட்டில் அடிக்காதே' என்பதற்குப் பதில் 'பின்கோட்டுக்கு உயர்த்திப் போடு'. அறைவதும் வசைபாடுவதும் மன உறுதியை வளர்க்கும் என்ற நம்பிக்கை இன்னும் பல பயிற்சிக்கூடங்களில் கோலோச்சுகிறது. அடிக்குப் பழகிய பிள்ளை அடிக்குத்தான் உறுதியாகிறது, ஆட்டத்துக்கு அன்று.

பெற்றோர்க்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பைக்கின் பின்னிருக்கையில் முகம் தெரியாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு உங்கள் முதுகு சொல்லும் சொற்கள் மிக நீண்ட காலம் நினைவிருக்கும். மறுநாள் கேளுங்கள், அப்போதும் 'ஏன் தோற்றாய்' என்று கேட்காமல், 'அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடியது' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் நாளில் அவன் மனப்பயிற்சியின் முதல் பாடத்தில் இருக்கிறான்.

பிறப்பால் ஒருவனுக்கு ஒரு தன்மை வாய்த்துவிட்டது, அதை மாற்ற இயலாது என்ற எண்ணத்தோடு இந்த மண்ணில் எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்கள். படிப்பு வராத பிறப்பு என்று சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் வந்தது. தைரியம் வராத பிறப்பு என்று இப்போது சொல்கிறோம். 'உன் பொறப்பு அப்படி' என்ற அந்த வாக்கியம் எங்களை அன்றிரவு தூங்கவிடாததற்குக் காரணம் இதுதான்.

மறுவாரம் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஆடுகளத்துக்குப் போய்ப் பையனின் தந்தையோடு சற்று நேரம் பேசினார். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. அதன்பின் இரண்டு ஞாயிறுகள் பையனைக் காணோம். சென்ற ஞாயிறு வந்திருந்தான். ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், மட்டையின் நரம்புகளை ஒருமுறை பார்த்தான், மூச்சு விட்டான், பிறகு அடித்தான். 18-18 வரை வந்து, 18-21 என்று தோற்றான். வலையில் ஒரு சர்வீஸும் விழவில்லை. தந்தை கைகளைக் கட்டிக்கொண்டு கடைசிவரை வாய் திறக்காமல் நின்றார். அவருக்கு அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பது எங்களுக்கே தெரிந்தது. பிறகு இருவரும் எதிர்ப்பக்கம் போய்க் கரும்புச்சாறு குடித்துவிட்டுப் பைக்கில் கிளம்பினார்கள்.